இடை சிறுத்த ஸ்கீ

ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் வயதானவர்களிடம் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வாங்க யோசனை கேட்டால், கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்வார்கள். நிமிர்ந்து நின்று கையை உயர்த்தும்போது மணிக்கட்டு எங்கே நிற்கிறதோ அதுதான் ஸ்கீயின் நீளம் என்பது அவர்கள் காலத்துக் கணக்கு. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வரும். அந்தக் கால ஸ்கீக்கு அந்தக் கணக்கு சரிதான். இன்று கடைச் சுவரில் சாய்ந்து நிற்பது வேறொரு கருவி. அதே உயரக்காரர் இன்று முதன்முதலாகக் கற்றுக்கொள்ள வந்தால் 150 முதல் 160 செ.மீ. வரை போதும். நிமிர்த்தி வைத்தால் முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் முடியும். இந்தக் கிட்டத்தட்ட அரை மீட்டர் எங்கே போயிற்று என்று புரிந்துகொண்டவருக்கு முதல் ஸ்கீயைத் தேர்ந்தெடுப்பது பெரிய பாடாக இருக்காது.

பனியில் வழுக்கிச் செல்வதற்கென்று பெரிய தந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பௌடன், ஹியூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக்கில் பனிக்குகைக்குள் சோதனைகள் நடத்தி 1939-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உராய்வின் சூட்டில் பனி லேசாக உருகி, ஸ்கீக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. ஸ்கீ அதன் மேல் வழுக்குகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். ஸ்கீயின் அடிப்பகுதியில் பாலிஎத்திலீன் ஒட்டி மெழுகு தேய்ப்பது, அந்த நீர் ஒட்டிக்கொள்ளாமல் விலகிப் போவதற்காக. ஆகவே மிக மலிவான ஸ்கீகூட சரிவில் நன்றாகவே ஓடும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கஷ்டம் திரும்புவதிலும் நிற்பதிலும்தான். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை: சரிவுக்குக் குறுக்கே திரும்பத் திரும்ப வேகம் குறைகிறது, இன்னும் சற்று மேல்நோக்கித் திரும்பினால் ஸ்கீ தானே நின்றுவிடுகிறது. எனவே முதல் ஸ்கீயைப் பற்றி நாம் கேட்க வேண்டியதெல்லாம், மெதுவான வேகத்தில், தயங்கித் தயங்கி வருகிற ஒருவருக்கு இது எவ்வளவு எளிதில் திரும்பிக் கொடுக்கும் என்பதைத்தான்.

அதற்கான விடை ஸ்கீயிலேயே அச்சிட்டிருக்கும். மேற்புறத்தில், பெரும்பாலும் பின்முனைக்கு அருகில், 121-72-103 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். முன்பகுதியின் அகலம், நடுப்பகுதியின் அகலம், பின்பகுதியின் அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். முன்னும் பின்னும் அகன்று இடை சிறுத்திருப்பதால், ஸ்கீயின் பக்கவாட்டு விளிம்பு ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக அமைகிறது. ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் எடையைக் கொடுத்தால் அது வளைந்து பனியைப் பிடிக்கும். பிடித்த பிறகு அந்த வட்டப் பாதையிலேயே போகும்.

எவ்வளவு பெரிய வட்டம் என்று நாமே கணக்குப் போடலாம். 121, 103 இரண்டின் சராசரி 112. நடு அகலமான 72-ஐக் கழித்தால் 40. ஒரு பக்கத்துக்குப் பாதி, அதாவது 20 மி.மீ. குழிவு. பனியைத் தொடும் விளிம்பின் நீளம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தின் வர்க்கத்தைக் குழிவின் எட்டு மடங்கால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் வரும்: 1.96-ஐ 0.16-ஆல் வகுக்க, சுமார் 12 மீட்டர். பழைய நீள ஸ்கீயில் குழிவு ஏழெட்டு மில்லிமீட்டர்தான், தொடும் நீளமோ 1.8 மீட்டர். அதே கணக்கைப் போட்டால் ஆரம் ஐம்பது மீட்டரைத் தாண்டுகிறது. புதியவர்கள் பழகும் சரிவுகள் பலவும் அவ்வளவு அகலமே இருக்காது. அதனால்தான் அந்தக் காலத்தவர் ஸ்கீயைக் காலால் முறுக்கி, எடையைத் தூக்கி, பக்கவாட்டில் இழுத்துத் திருப்பினார்கள். அதைக் கற்றுக்கொள்ளப் பல குளிர்காலங்கள் பிடித்தன.

இடை சிறுத்த வடிவம் பழையதுதான். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்னும் ஊரைச் சேர்ந்த சோன்ட்ரெ நோர்ஹெய்ம் 19-ஆம் நூற்றாண்டிலேயே நடுவில் ஒடுங்கிய ஸ்கீகளைச் செய்து திருப்பங்களை எளிதாக்கினார். ஆனால் வெறும் மரத்தில் முன்முனையை மிகவும் அகலமாக்கினால் அது முறுக்கிக்கொண்டு பிடியை விட்டுவிடும். முறுக்கத்தைத் தாங்கும் கண்ணாடி இழையும் உலோகத் தகடும் வந்த பிறகும்கூட, பந்தய வீரர்கள் நீண்ட, ஏறக்குறைய நேரான ஸ்கீயிலேயே வென்றுகொண்டிருந்ததால் யாரும் துணிந்து மாற்றவில்லை. ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் உலகக் கோப்பைப் பந்தயங்களில் 86 முறை வென்றது ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் செய்த அப்படிப்பட்ட ஸ்கீயில்தான். அந்த மரபை உடைத்ததும் அதே நிறுவனம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெகுன்யே என்ற சிற்றூரில் யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிட்ஸ் ஆகிய பொறியாளர்கள் ஆழமாக இடை குடைந்த ஒரு ஸ்கீயை உருவாக்கினார்கள். எஸ்சிஎக்ஸ் என்ற பெயரில் 1993-இல் அது கடைக்கு வந்தது. சில வருடங்களுக்குள் எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. குட்டை ஸ்கீயிலும் உறுதியான பிடி கிடைத்ததும் நீளத்துக்கான தேவை போயிற்று. நாற்பது வயதில் கற்க வருகிற ஒருவரால் ஒரு வாரத்தில் நடுத்தரச் சரிவில் ஓரளவு நிதானமாக இறங்க முடிகிறது என்றால், அதில் இந்தக் குடைவுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆகவே கடையில் எண்களைப் பாருங்கள். ஆரத்தை ‘ஆர்’ எழுத்தோடு தனியாகவே அச்சிட்டிருப்பார்கள்; 11 முதல் 15 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. நடு அகலம் 68-லிருந்து 80 மி.மீ.க்குள் இருக்கட்டும். இதற்கு மேல் அகலமானவை இயந்திரம் சமன்படுத்தாத புதுப்பனியில் மிதப்பதற்காகச் செய்யப்பட்டவை. கெட்டிப்பட்ட சரிவில் அவற்றை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்ற அதிக நேரமும் பலமும் தேவை, முழங்காலுக்கும் சுமை கூடுகிறது. 95, 100 என்று அகன்ற ஸ்கீகள் பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வருடத்துக்கு அவை வேண்டாம்.

அச்சிடாத ஒரு குணம் உண்டு, அது விறைப்பு. நிறுவனங்களுக்குப் பொதுவான அளவுகோல் இல்லாததால் கையால்தான் பார்க்க வேண்டும். ஸ்கீயின் பின்முனையைத் தரையில் ஊன்றி, முன்முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையால் நடுவில் அழுத்துங்கள். பழகுவோருக்கான ஸ்கீ தயக்கமில்லாமல் வளைந்து கொடுக்கும். மரத்துக்கு மேலும் கீழும் அலுமினியக் கலவைத் தகடு வைத்த பந்தய ஸ்கீ அசைந்தாலே அதிகம். மெதுவாகப் போகிறவரின் எடை அதை வளைக்கப் போதாது. வளையாத ஸ்கீ திரும்பாது. அடுத்து, இரண்டு ஸ்கீகளையும் அடிப்பாகம் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் வில்லைப் போல ஒரு இடைவெளி தெரியும். உங்கள் எடையை முன்னும் பின்னும் விளிம்பு முழுக்கப் பரப்புவது அந்த வளைவுதான். இரு விரல்களால் அழுத்தியே அதை மூட முடிந்தால் உங்களுக்கு ஏற்ற மென்மை. முன்முனை மட்டும் கொஞ்சம் சீக்கிரமே மேலெழும்பி இருந்தால் இன்னும் நல்லது, திருப்பத்தைத் தொடங்கும்போது முனை பனியில் சிக்காது.

உயரத்தைப் போலவே உடல் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே உயரமுள்ள இருவரில் எடை கூடியவர் முன்பு சொன்ன நீள வரம்பின் மேல் எல்லைக்கும், குறைந்தவர் கீழ் எல்லைக்கும் போகலாம். பெண்களுக்கென்று வருபவை பெரும்பாலும் இலகுவானவை, மென்மையானவை. எடை குறைந்த ஆண்களும் அவற்றைத் தயங்காமல் எடுக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் பூட்ஸ். முழங்காலைச் சாய்த்தால் அந்தச் சாய்வை ஸ்கீக்குக் கொண்டு சேர்ப்பது அது ஒன்றே. பூட்ஸுக்குள் கால் ஆடினால் எவ்வளவு நல்ல ஸ்கீயும் சொன்ன பேச்சைக் கேட்காது.

பூட்ஸின் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 26.5 என்றால் 26.5 செ.மீ. பாதம். வழக்கமான ஷூ எண்ணை மறந்துவிடுங்கள். கடைக்காரர் முதலில் உள்ளே இருக்கும் மெத்தை உறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடச் சொல்ல வேண்டும். விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து இரண்டு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் பெரிது. பிறகு உறையைத் திரும்பப் போட்டு, ஒரே ஒரு மெல்லிய சாக்ஸோடு மாட்டி, கொக்கிகளை இறுக்குங்கள். நேராக நிற்கும்போது கால்விரல்கள் முன்னால் இடிக்கும். இங்கேதான் பலரும் பயந்துபோய் ஒரு அளவு பெரிதாகக் கேட்டுவிடுகிறார்கள். கேட்காதீர்கள். முழங்காலை முன்னே மடக்குங்கள். குதிகால் பின்னால் போய் அமரும், விரல்கள் விடுபடும். சறுக்கும்போது நாம் நிற்க வேண்டியது அந்த நிலையில்தான். கால்மணி நேரமாவது மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடங்கள். பாதத்தைச் சுற்றிலும் ஒரே சீரான அழுத்தம் இருக்கலாம், ஓரிடத்தில் மட்டும் குத்தினால் அது கூடாது.

அகலத்தையும் பார்க்க வேண்டும். 98 மி.மீ. முதல் 104 மி.மீ. வரை பூட்ஸ்கள் கிடைக்கின்றன. வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த பாதங்களின் முன்பகுதி அகன்றிருப்பது இயல்பு. நம்மில் பலருக்கு 102-க்கு மேல் தேடினால்தான் சரிப்படும். அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டுவது தவறான வைத்தியம். விறைப்பைக் காட்டும் எண் ஒன்றும் பூட்ஸில் இருக்கும். பெண்களுக்கு 60 முதல் 80, ஆண்களுக்கு 70 முதல் 90 பொருத்தம். இதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், கணுக்கால் மடங்கிக் கொடுக்கிறதா என்று மாட்டிப் பார்ப்பதே நிச்சயமான வழி.

பூட்ஸையும் ஸ்கீயையும் இணைப்பது பைண்டிங். விழும்போது காலை விடுவிப்பதும் அதுதான். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் போர்ட்லண்டில் குடியேறிய ஹ்யால்மார் ஹ்வாம் என்ற வீரருக்கு 1937-இல் சறுக்கும்போது கால் உடைந்தது. விழும்போது காலை விடுவிக்கும் பைண்டிங்கை அவர் அதற்குப் பிறகு உருவாக்கினார். இன்றைய பைண்டிங்கில் முன்பகுதி பக்கவாட்டிலும் பின்பகுதி மேல்நோக்கியும் திறக்கும். எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதற்குச் சர்வதேச அட்டவணை ஒன்று இருக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் பாங்கு ஆகியவற்றைக் கேட்டுக் கடைக்காரர் அதிலிருந்து வரும் எண்ணை பைண்டிங்கில் வைப்பார். 70 கிலோ எடையுள்ள புதியவருக்கு அது 5, 6 என்ற அளவில் வரும். எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள், உங்கள் எலும்பைக் காக்கும் எண் அது. ஸ்கீ கழன்று போகிறதே என்று நண்பர் யாராவது ஸ்க்ரூடிரைவரோடு வந்தால் தடுத்துவிடுங்கள். இப்படி விடுவிக்கும் பைண்டிங் வந்த பிறகு கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது. முழங்கால் தசைநார் அறுவதை மட்டும் அதனால் முழுதாகத் தடுக்க முடியவில்லை. அதற்கு மென்மையான ஸ்கீயும் நல்ல ஆசிரியரும்தான் துணை.

சுவிட்சர்லாந்தில் பள்ளிக்கூடங்களே பிள்ளைகளைக் குளிர்காலத்தில் ஸ்கீ முகாமுக்கு அழைத்துப் போகின்றன. அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே பழகிவிட, அம்மாவும் அப்பாவும் பின்னால் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்குகிற வீடுகளுக்கு நான் சொல்வது: முதல் வருடம் ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள், பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். குளிர்காலம் முழுவதற்குமான வாடகைத் திட்டம் பல கடைகளில் உண்டு. நடுவில் நீளம் மாற்றிக்கொள்ளவும் விடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருடத்தில் ஒரு வாரம் குல்மார்க், ஔலி போன்ற இந்தியப் பனிச்சறுக்கு இடங்களுக்குப் போகிறவர்கள் ஸ்கீ வாங்கவே வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

பழைய ஸ்கீ வாங்கினால் நஷ்டமில்லை, பார்த்து வாங்கினால். எஃகு விளிம்பு துருவேறி மெலிந்திருக்கக் கூடாது. அடிப்பாகத்தில் மரம் தெரியுமளவு கீறல் கூடாது. ஓரத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடாது. பைண்டிங் மிகப் பழையதென்றால் கடைக்காரர் அதை அமைத்துத் தரவே மறுப்பார், அவர் மறுப்பதுதான் முறை. பூட்ஸை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். வருடக்கணக்கில் பரணில் கிடந்த பிளாஸ்டிக் இறுகிப்போய், சரிவின் நடுவில் நொறுங்கிவிடலாம். கொக்கியெல்லாம் பளபளவென்று இருந்தாலும் உள்ளே நடந்திருப்பது வெளியில் தெரியாது.

சொந்தமாக வாங்கிவிட்டால் வேலை அதிகமில்லை. மாலையில் விளிம்புகளைத் துணியால் துடைத்து உலர விடுங்கள், ஈரத்தோடு உறையில் கட்டி வைத்தால் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். பருவம் முடிந்ததும் அடிப்பாகத்தில் மெழுகைத் தடித்த பூச்சாகப் போட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டு, இரண்டையும் இறுக்கிக் கட்டாமல் நிழலில் நிறுத்தி வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் கடைக்குக் கொண்டு போகும்போது பூட்ஸையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பைண்டிங் சரியான விசையில் திறக்கிறதா என்று கருவியில் வைத்துச் சோதித்துத் தருவார்கள்.