உலோகமும் சான்றும்: ஜேர்மன் வான்படை விருதுகளின் மெய்ம்மை காணும் முறையும் மலையக ஆய்வும்

நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவில் நின்று நோக்குவார்க்கு ஜேர்மன் விமானிகளின் விருதுகள் மிகத் தொலைவான விடயமாகவே தோன்றும். தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளிலே, பழைய தகரப் பெட்டிகளுள் கிடக்கும் பொருள்கள் வேறு வகையின. ஆயினும், எழுத்தும் எண்ணும் பொறித்த சிறியதோர் உலோகத் துண்டை வரலாற்றுச் சான்றாக எவ்வாறு விசாரிப்பது என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானது. அவ்வினாவுக்கு விடை காணும் முறை, படைத்துறை விருதுகளைச் சேகரிப்போரிடையே, சந்தையின் நெருக்குதலால் மிக நுணுக்கமாக வளர்ந்துள்ளது. அம்முறையை விளக்கி, மலையக ஆய்வுக்கு அது எவ்வகையிற் பயன்படும் என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விருதுகளும் அவற்றின் அருமையும்

'பூர் லெ மெரிட்' என்னும் பிரஷ்ய விருது 1740இல் இரண்டாம் பிரடெரிக் மன்னனால் நிறுவப்பட்டது. முதலாம் உலகப் போரில், எதிரி விமானங்களை வீழ்த்தியமைக்காக இதனை முதலிற் பெற்ற விமானிகள் பெல்க்கே, இம்மெல்மான் ஆகிய இருவர். நாள் 1916 ஜனவரி 12. அப்போது எட்டு வெற்றிகள் போதியனவாகக் கொள்ளப்பட்டன. ஓராண்டின் பின் ரிக்ட்ஹோபென் அதனைப் பெற்றபோது அந்த எண்ணிக்கை பதினாறாக உயர்ந்திருந்தது. 1918இல் முடியாட்சி வீழ்ந்ததோடு படைத்துறைக்குரிய இவ்விருதும் முடிவுற்றது. நாஸி ஆட்சியின் வான்படை தனக்கெனப் புதிய சின்னங்களை ஏற்படுத்திக்கொண்டது. விமானிச் சின்னம் 1935இலும், வான்படைக் கௌரவக் கிண்ணம் 1940இலும் தோன்றின.

பெற்றவர் சிலராகவும் பெற விரும்பும் சேகரிப்பாளர் பலராகவும் இருக்குமிடத்து விலை ஏறும். விலை ஏறுமிடத்துப் போலி தோன்றும். இஃது எந்தச் சந்தைக்கும் உரிய இயல்பே.

2. மெய் எது, போலி எது?

மெய், போலி என்னும் இருமை இங்கு போதாது. நால்வகைப் பொருள்களை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, அரசு உண்மையில் வழங்கியது. இரண்டு, விருது பெற்றவரே அன்றாடம் அணிவதற்காக அக்காலத்து நகைக் கடையில் வாங்கிய படி. மூன்று, பிற்காலத்திற் சட்டபூர்வமாகச் செய்யப்பட்டது. மேற்கு ஜேர்மனியில் 1957 ஜூலை 26இல் இயற்றப்பட்ட சட்டம், சுவஸ்திகா நீக்கப்பட்ட வடிவில் போர்க்கால விருதுகளை அணிய இடமளித்தது. அதனையொட்டிப் புதிய சின்னங்கள் பெருமளவில் உற்பத்தியாயின. நான்கு, ஏமாற்றும் நோக்குடன் ஆக்கப்பட்டது. இரண்டாம் வகையைப் போலி என்று தள்ளுவதும், மூன்றாம் வகையைப் போர்க்காலப் பொருள் என்று கொள்ளுவதும் ஒரே வகையான தவறுகளே.

3. பொருளை விசாரித்தல்

முதலில் வினவப்படுவது உலோகம். 'பூர் லெ மெரிட்' தொடக்கத்திற் பொன்னால் ஆக்கப்பட்டது. போரின் நெருக்கடி முற்றியதும், 1916இன் இறுதியளவில், பொன்முலாம் பூசிய வெள்ளி அதன் இடத்தைப் பிடித்தது. கௌரவக் கிண்ணமும் முதலில் தூய வெள்ளியிலும் பின்னர் மலிவான கலப்புலோகத்திலும் வந்தது. விமானிச் சின்னங்களும் போர் நீண்டபோது துத்தநாகத்துக்கு இறங்கின. எனவே, மலிந்த உலோகம் தன்னளவிற் போலியின் அடையாளம் அன்று; அது போர்ப் பொருளாதாரத்தின் சுவடாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஆக்கமுறை. மெய்ப்பொருள் பெரும்பாலும் அச்சிலே அடித்து எடுக்கப்பட்டது. அதனைப் படியெடுத்து வார்க்கும்போது, ஆறும் உலோகம் சுருங்குவதால் போலி சற்றுச் சிறியதாகும், கோடுகள் மழுங்கும், மேற்பரப்பில் நுண்துளைகள் காணப்படும். அச்சில் விழுந்த வெடிப்பு, அதில் அடிக்கப்பட்ட ஒவ்வொரு சின்னத்திலும் மேடான மெல்லிய கோடாகப் பதியும். வெடிப்பு வளர வளரக் கோடும் வளர்வதால், எது முந்தியது எது பிந்தியது என்னும் வரிசையைக்கூட அறிய முடிகின்றது. ஊசி, கொக்கி ஆகியன பற்றாசிட்டுப் பொருத்தப்பட்ட விதம், செய்தவரின் முத்திரை, தேய்வு விழுந்த இடங்கள் என்பனவும் ஒப்புநோக்கப்படும். இன்று ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனை, பொருளைச் சிதைக்காமலே உலோகக் கலவையைக் காட்டுகின்றது. புற ஊதா ஒளியிற் பளிச்சென ஒளிரும் நாடாவோ பத்திரமோ, போருக்குப் பின் பரவிய வெண்மையூட்டும் இரசாயனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

4. ஆவணத்தை விசாரித்தல்

பொருள் மெய்யாயினும், அது இன்னாருக்கு உரியது என்பதை ஆவணமே நிறுவும். வழங்கற் பத்திரம், படைவீரரின் ஊதியக் கையேடு, நிழற்படம், கைமாறிய வரலாறு ஆகியன ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும். இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. போட்ஸ்டாமில் இருந்த படைத்துறை ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரல் 14இல் நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்தது. பிரஷ்யப் படையின் பதிவேடுகளிற் பெரும்பகுதி அதனோடு மறைந்தது. ஆகவே, ஒருவர் பெயர் ஏட்டில் இல்லை என்பதால் அவர் விருது பெறவில்லை என்று நேர்மையான ஆய்வாளர் முடிவு கட்டுவதில்லை. ஏடு ஏன் இல்லை என்று முதலில் வினவுவர்.

இவற்றை ஆராய்வது இவற்றைப் போற்றுவதாகாது. 1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயினின் குவேர்னிக்கா நகரைக் குண்டுவீசி அழித்த 'கொண்டோர்' படையணியினருக்கும் ஸ்பானியச் சிலுவை என்னும் விருது வழங்கப்பட்டது. எதற்காக வழங்கப்பட்டது என்பதை மறைத்து, எவ்வளவு அரியது என்பதை மட்டும் பேசுகின்ற சேகரிப்பு, வரலாற்றை விலைப்பண்டமாக்கி விடுகின்றது. இத்தகைய சின்னங்களைப் பொதுவிற் காட்டுவதை ஜேர்மன் சட்டம் தடைசெய்து, ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் விலக்கு அளித்திருப்பது இவ்வகையில் நோக்கத்தக்கது.

5. மலையகத்தின் உலோகத் துண்டு

இனி, மலையகத்துக்கு மீள்வோம். ஐரோப்பியத் தோட்டத் துரைமாரைக் கொண்டு 1900இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, 1914இல் எகிப்துக்கும் பின்னர் கல்லிப்போலிக்கும் ஓர் அணியை அனுப்பியது. முதலாம் உலகப் போருக்கான பிரித்தானியப் பதக்கங்களின் விளிம்பிலே பெற்றவரின் பெயரும் அணியும் பொறிக்கப்படுவது வழக்கம். எனவே, போருக்குச் சென்ற துரைமாரின் பெயர் உலோகத்திலேயே நிலைத்தது.

அத்துரைமாரின் தோட்டங்களுக்கு உழைக்க வந்தவர்க்கும் ஓர் உலோகத் துண்டு கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 'டின் டிக்கற்' முறையில், தமிழகத்திலிருந்து கங்காணி திரட்டிய தொழிலாளிக்குத் தகரவில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதிலிருந்த எழுத்தும் எண்ணும் அவர் எத்தோட்டத்துக்குச் செல்பவர் என்பதைக் காட்டின. வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கிற் பற்று வைக்கப்பட்டது. பதக்கத்திற் பெயர், தகரத்தில் எண். காலனித்துவ உற்பத்தி உறவுகளின் சாரம் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது எனலாம்.

சான்று என்னும் சொல் இம்மக்களின் வாழ்வில் எத்துணைக் கொடுமையாகச் செயற்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்புக்கோ, பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்புக்கோ சான்று கோரியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவு பலருக்கு இல்லை. பெயர்ப் பதிவேடோ தோட்டத்துரையின் அலுவலகத்தில். ஏடு ஏன் இல்லை என்று எவரும் வினவவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னைய முடிவுக்கு விட்டது. எஞ்சிய நாடற்றோர்க்கு வழி திறந்த சட்டம் 2003இலேயே வந்தது. ஒரு பதக்கத்தின் மெய்ம்மையை ஆராயும்போது காட்டப்படும் நிதானம், உயிருள்ள மனிதரின் உரிமையை ஆராயும்போது காட்டப்படவில்லை.

6. முடிவாக

ஆதலால், பூண்டுலோயா போன்ற இடங்களிற் பழம்பொருள் கிடைக்குமாயின், அதனை மினுக்குதல் கூடாது. மினுக்கினால் தேய்வும் துருவும் கூறும் செய்தி அழியும். இரு பக்கங்களையும் அளவுகோலுடன் படம் பிடித்தல், எந்த வீட்டில், எவர் வழியாக வந்தது என்பதை எழுதுதல், முதியோரின் கூற்றைப் பதிவு செய்தல், தோட்டத்துச் செக்றோலுடனும் பிற பதிவேடுகளுடனும் ஒப்பிடுதல் ஆகியன உடன் செய்யத்தக்கன. பொருள் அக்குடும்பத்தின் கையிலேயே இருப்பது நன்று. பதிவே நமக்கு வேண்டியது. ஜேர்மன் விமானியின் சின்னத்துக்குச் சந்தை இருப்பதால் அதற்குப் பாதுகாவலரும் உளர். தகரவில்லைக்கு அத்தகைய சந்தை இல்லை. பழைய இரும்புக்காரரின் தராசுக்கு அது செல்லுமுன் அதன் எண்ணுக்குரிய பெயரைத் தேடுவது மலையக ஆய்வாளரின் கடமையாகும்.