ஓட்டல் இன்டர்வியூவில் என் மகள் கேட்டது

என் மகள் எம்.பி.ஏ., முடித்தவள். நம் காலத்தில் 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்பார்களே, அதுதான் இப்போது 'ஹெச்.ஆர்.' ஆகியிருக்கிறது. அதைத்தான் படித்தாள். ஆள் எடுப்பது, சம்பளம், லீவு, பி.எப்., சண்டை சச்சரவு எல்லாம் இவர்கள் தலையில்தான் விழும்.

கன்னியாகுமரியில் ஒரு ஓட்டலில் இந்த வேலைக்கு இன்டர்வியூ வந்தது. பக்கத்து வீட்டு மைனி, "ஓட்டல் வேலைக்கா பிள்ளைய அனுப்பப் போறிய?" என்று முகத்தைச் சுளித்தார். ராத்திரி பகல் பாராமல் ஆட்கள் வந்து போகிற இடம் என்ற பயம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. எனக்கும் உண்டு. ஆனால், படிப்புக்கு வாங்கிய பாங்க் கடனுக்குத் தவணை கட்ட வேண்டுமே! துணைக்கு நானும் போய், வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்.

"அடுத்த வருஷம் கல்யாணம் ஆனா வேலையை விட்டுருவியாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. (ஆம்பிளைப் பிள்ளைகளிடம் இதை யாராவது கேட்டிருக்கிறார்களா?) "விடமாட்டேன் சார்" என்றாளாம்.

அடுத்தது, சீசன் பற்றி. கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் மகர விளக்கு வரை அங்கே கூட்டம்தான். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, அதைப் பார்க்கவும் வருகிறார்கள். "அந்த நேரத்துல நாலு ரூம் பாய் சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டா என்ன செய்வே?" என்று கேட்டார்களாம். "புது ஆள் தேடுறதோட, போனவங்களுக்குக் கடைசியா எப்போ வார லீவு குடுத்தோம்னு ரிஜிஸ்டரைப் பார்ப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஒருவர் சிரித்துவிட்டாராம்.

கடைசியில், "நீ ஏதாவது கேட்கணுமா?" என்றிருக்கிறார்கள். ராத்திரி டூட்டி முடிகிற பெண்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள், உள்புகார் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டாளாம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர், "இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிம்மா" என்றாராம்.

தோழிகளே, இந்தக் குழு பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றி, விசாகா வழக்கில் 1997ல் சுப்ரீம் கோர்ட் வழிமுறைகள் வகுத்தது. 2013ல் அதற்குச் சட்டமே வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், ஓட்டலோ ஜவுளிக்கடையோ, இந்தக் குழு இருந்தே தீர வேண்டும். தலைவியாக அங்கே வேலை பார்க்கும் மூத்த பெண்மணிதான் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்தும் ஒருவர் உண்டு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைந்த இடமானால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். ஹெச்.ஆர்., வேலைக்குப் போகிறவள் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? நாளைக்கு ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால், முதலில் இவள் மேஜை முன்னால்தானே நிற்பாள்!

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. வேலை உண்டு, ஆனால் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட வேண்டும், வேலையை விடும்போதுதான் திருப்பித் தருவார்களாம். "ஒரிஜினலைக் காட்டுறேன், ஜெராக்ஸ் தாறேன் சார்" என்றாள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றுவிட்டாள். அந்த மாதத் தவணைக்கு என் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போனது. வீட்டில் அவள் அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அதே ஊரில் வேறொரு ஓட்டலில் கூப்பிட்டார்கள். இன்டர்வியூ செய்தவர் ஒரு பெண்மணி. இவள் அதே இரண்டு கேள்வியைக் கேட்டதும், பணியாளர்கள் சாப்பிடும் அறைக்கு அழைத்துப்போய், சுவரில் ஒட்டியிருந்த குழு உறுப்பினர் பெயர்களைக் காட்டினாராம். ராத்திரி 10 மணிக்கு வேன் உண்டு, நாகர்கோவில் வரை கொண்டுவந்து விடும்.

சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வளையலைத் திருப்பியாச்சு. இப்போது ஆள் எடுக்கும்போது இவளும் ஒரு நாற்காலியில் உட்காருகிறாள். ஒரிஜினலைப் பார்த்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறாளாம்.

- ஒரு வாசகி, நாகர்கோவில்.