கல்தூளும் நுரையீரலும்: தொழிலாளர் அறிய வேண்டுவன

முதுகெலும்பிலிருந்து கிளம்பி முன்னோக்கி வளைந்து வரும் 12 இணை விலா எலும்புகளுள், மேலுள்ள 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பால் மார்பெலும்பை நேரே பற்றியும், அடுத்த 3 இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைச் சார்ந்தும், கடைசி 2 இணைகள் முன்புறத்தில் எதனையும் பற்றாமலும் நிற்க, அவற்றின் இடையெல்லாம் தசைகள் நிரம்பி, அடியில் உதரவிதானம் விரிந்து, நம் மார்பு ஓர் அற்புதமான அரணாக அமைந்திருக்கின்றது. அவ்வரணுள், ஈரடுக்கான மெல்லிய உறை போர்த்து, மூன்று மடல்களையுடைய வலது நுரையீரலும், இதயத்துக்கு இடம் விட்டு இரண்டே மடல்களோடு அமைந்த இடது நுரையீரலும், தசைகள் மார்பை விசாலப்படுத்துந்தோறும் விரிந்தும் அவை தளருந்தோறும் சுருங்கியும் ஜீவனைக் காத்து வருகின்றன. ஆயினும், வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்குவதற்கென அமைந்த இந்த அரண், சுவாசத்தோடு கலந்து உள்ளே செல்லும் கல்தூளைத் தடுக்கவல்லதன்று. அந்தத் தூளால் விளையும் சிலிகோசிஸ் என்னும் நோயைக் குறித்தும், அதற்கு ஆளாவோருக்குச் சட்டம் அளித்துள்ள உரிமைகளைக் குறித்தும் கல்குவாரியிலும் கிரஷரிலும் உழைப்போர் ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

பெரிய தூசியை மூக்கின் மயிரும், மூச்சுக்குழலின் கோழையும், அக்கோழையை இடையறாது மேலே தள்ளும் நுண்மயிர்களும் தடுத்து வெளியேற்றிவிடும். வெங்கச்சங்கல், கருங்கல், மணற்கல் முதலியவற்றை உடைக்கையிலும் அறுக்கையிலும் துளைக்கையிலும் எழும் சிலிக்காத் தூளிலோ, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் சிறிய, கண்ணுக்கே புலனாகாத துகள்கள் மலிந்திருப்பதால், அவை இக்காவல்களையெல்லாம் கடந்து, பிராணவாயு இரத்தத்தில் கலக்கும் நுண்ணறைகள் வரை சென்று தங்குகின்றன. அவற்றை விழுங்கி அகற்ற முற்படும் காவற்செல்கள் அத்தூளின் விஷத்தால் தாமே மடிய, அவ்விடங்களில் தழும்பு முடிச்சுகள் தோன்றி, நுரையீரல் தன் மென்மையை இழந்து இறுகுகின்றது. பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் தூளில் உழன்ற பிறகே இது வெளிப்படுமேனும், தூள் அளவு மீறியிருக்கும் இடங்களில் சில ஆண்டுகளிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, முற்றிவிடுகின்றது. இறுகிய நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றும். சிலிக்காத் தூள் புற்றுநோய்க்கும் காரணமாவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் வகைப்படுத்தியது. ஏற்பட்ட தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை; வேலையை விட்ட பின்னும் நோய் வளரக்கூடும்.

இதன் கொடுமைக்குக் குஜராத்தின் கோத்ரா வட்டாரத்தில் நிகழ்ந்தது ஒரு சான்று. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களைச் சேர்ந்த பழங்குடி மக்கள் பிழைப்பு நாடி அங்குள்ள வெங்கச்சங்கல் ஆலைகளுக்குச் சென்று, மாவாக அரைபடும் கல்லின் தூளைச் சுவாசித்து, நோயோடு ஊர் திரும்பி, ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இறந்தோருள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010-இல் குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தும், அத்தொகைக்கு உச்ச நீதிமன்றம் 2016 மே மாதத்தில் உத்தரவிடும் வரை அக்குடும்பங்கள் காத்திருக்க நேர்ந்தது. ஏழையின் மூச்சுக்கு விலை பேசப்பட்டதே துயரம். அதுவும் இத்தனை தாமதமாகப் பேசப்பட்டது அதனினும் பெருந்துயரம்.

சட்டம் இவ்விஷயத்தில் வாயடைத்து நிற்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்து, அதனைக் கண்டறியும் மருத்துவர்மீது அக்கடமையைச் சுமத்தியது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இந்நோயை வேலையில் நேர்ந்த விபத்துக்குச் சமமாகக் கருதி, நஷ்டஈடு தரும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்தது. தொழிலாளி பலரிடம் மாறி மாறி வேலை செய்திருப்பின் அனைவரும் ஆணையர் நிர்ணயிக்கும் விகிதப்படி பொறுப்பேற்க வேண்டும் என்றும், உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றும் அது விதித்தது. இச்சட்டங்கள் 2020-இல் இயற்றப்பெற்ற தொழிற்சட்டத் தொகுப்புகளுள் அடக்கப்பெற்றுள்ளன. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்க்கு அதன்வழியே சிகிச்சையும் உதவித்தொகையும் உண்டு. ராஜஸ்தான் அரசு 2019-இல் வகுத்த கொள்கைப்படி, நோய் உறுதியானவர்க்கு 3 லட்சமும் அவர் இறப்பின் குடும்பத்துக்கு 2 லட்சமும் அளிக்கப்படுகின்றது. கல்லுடைப்போர் வாழும் பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றுமாறு கோருவது முற்றிலும் நியாயமே.

எனினும், இவ்வுரிமைகள் அனைத்தும் நோய் இன்னதென்று சான்றிதழில் எழுதப்பட்ட பின்னரே கைகூடும். இருமலும் மூச்சிரைப்பும் எடைக்குறைவும் காசநோய்க்கும் பொதுவாகையாலும், எக்ஸ்ரே படமும் ஏறத்தாழ ஒத்திருப்பதாலும், காசநோய் மருந்து மட்டும் பெற்றுத் திரும்புவோர் பலர். ஆதலின் மருத்துவரிடம் செல்பவர், எந்தக் குவாரியில், எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தார் என்பதைத் தாமே முந்திச் சொல்லி, எக்ஸ்ரேயோடு நுரையீரற் செயல்திறன் பரிசோதனையையும் கேட்டுப் பெறல் வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிப் பதிவு, உடன் உழைத்தோர் சாட்சியம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, காலந்தாழ்த்தாமல் இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்தல் வேண்டும். வழக்காடப் பொருளில்லையே என்ற கவலையும் வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளரும், பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம்.

குணமில்லாத நோய்க்குத் தடுப்பொன்றே மெய்யான பரிகாரம். கல்லில் நீர் தெளித்துக்கொண்டே உடைப்பதும், தூள் எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சும் விசிறிகளை அமைப்பதும், தூள்வேலையை மறைப்பிட்டுத் தனிப்படுத்துவதும் முதலாளியின் கடமைகள். வாயைச் சுற்றிக் கட்டிய துண்டு நுண்தூளைத் தடுக்காதாகையால், தகுந்த வடிகட்டியுடைய முகக்கவசமும் அவர் செலவிலேயே தரப்பட வேண்டும். இவற்றைக் கேட்பது சலுகை வேண்டி இரப்பதன்று, உரிமை கோருவதேயாம். தனியொருவர் கேட்டால் வேலை போகுமென்ற அச்சம் இயல்பாதலால், குவாரித் தொழிலாளர் சங்கமாகக் கூடி, எழுத்து மூலமாகக் கேட்டு, மறுக்கப்படின் தொழிற்சாலை ஆய்வாளரிடமோ சுரங்கப் பாதுகாப்பு அதிகாரியிடமோ முறையிடுவார்களாக.