முதலிடத்தைத் திருப்பித் தந்தவர்

பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைக் காணும்போதெல்லாம், விலங்கியல் படித்த எனக்கு டி.சி.ஆனந்தகுமார் நினைவுக்கு வருகிறார்.

மும்பை இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த உயிரியலாளர் அவர். மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவுடன் இணைந்து அவர் மேற்கொண்ட ஆய்வின் பயனாக, 1986 ஆகஸ்ட் 6 அன்று ஹர்ஷா பிறந்தாள். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடே கொண்டாடியது.

1997இல் கொல்கத்தா சென்றிருந்த அவரிடம், மறைந்த மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் ஆய்வுக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்த 1978ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 3 அன்று, முகர்ஜியின் முயற்சியால் துர்கா பிறந்திருந்தாள். இங்கிலாந்து ஆய்வாளர்கள் இயற்கையாக முதிர்ந்த ஒற்றைக் கருமுட்டையை நம்பியிருந்தனர். முகர்ஜியோ இயக்குநீர் செலுத்திப் பல முட்டைகளை முதிரச் செய்தார். உருவான கருவை உறையவைத்து, பின்னொரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையில் வைத்தார். உறைகருவிலிருந்து குழந்தை பிறந்ததாக ஆஸ்திரேலியா அறிவித்தது 1984இல்தான்! ஆனால், மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. கண் மருத்துவத் துறைக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார்.

குறிப்பேடுகளை மூடி வைத்திருந்தால் ஆனந்தகுமாரின் முதலிடம் அப்படியே இருந்திருக்கும்; கேள்வி கேட்பாரும் இல்லை. அவரோ அவற்றை வரிவரியாக ஆராய்ந்து, முகர்ஜியே முன்னோடி என்று ‘கரண்ட் சயின்ஸ்’ ஆய்விதழில் அதே ஆண்டு எழுதினார்.