சொட்டுவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம்!



பைக்கை ஒர்க் ஷாப்பில் விட்டு வேலை பார்த்து எடுத்து வருகிறோம். மறுநாள் காலையில் பார்த்தால், நிறுத்திய இடத்தில் கறுப்பாக ஆயில் கறை! "நேத்துதானே காசு குடுத்தோம், அதுக்குள்ள எப்படி ஒழுகுது?" என்று வீட்டில் சத்தம் ஆரம்பித்துவிடும். பால் கேன் கொண்டுபோக, காய்கறி மூட்டை ஏற்ற, வேலைக்குப் போக என்று நம்மில் பலர் வீட்டுக்குப் பைக்தான் கை கால். அதனால் இந்த ஒழுகலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாமும் தெரிந்துகொள்வோம்.

சின்ன ஒழுகல்தானே என்று விடலாமா?

விடக்கூடாது. 100 சிசி பைக்கின் இன்ஜினில் இருப்பதே சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான். அது குறைந்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி, சூடாகி, இன்ஜின் இறுகி நின்றுவிடும். அதோடு, ஆயில் பின் டயரிலோ பிரேக்கிலோ பட்டால் வண்டி வழுக்கும். அது உயிருக்கே ஆபத்து.

முதலில் அது என்ன என்று பாருங்கள்

ஒரு பழைய அட்டையை இரவில் வண்டிக்கு அடியில் போட்டு வையுங்கள். காலையில் அட்டை பேசும்!

* கறுப்பு அல்லது பழுப்பு நிறம், தொட்டால் வழவழப்பு: இன்ஜின் ஆயில்.
* பெட்ரோல் வாசனை, சீக்கிரம் காய்ந்துவிடும்: பெட்ரோல். இது தீ ஆபத்து. ஸ்டார்ட் செய்யாமல் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.
* பின் சக்கரப் பக்கம் கெட்டியாக இருந்தால்: செயினுக்குப் போட்ட எண்ணெய்.
* முன் சக்கரத்தின் பக்கத்தில் இருந்தால்: ஃபோர்க் ஆயில்.
* காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் நுனியில் சொட்டுவது: வெறும் தண்ணீர். பயம் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. வேலை செய்யும்போது சிந்திய ஆயில் இன்ஜினின் இடுக்குகளில் தங்கி, ஓரிரு நாள் சொட்டும். நன்றாகத் துடைத்துவிட்டால் அது நின்றுவிடும். துடைத்த பிறகும் வந்தால்தான் உண்மையான ஒழுகல்.

எதைக் கழற்றினார்கள்?

புதிதாக வந்த ஒழுகலுக்குப் பெரும்பாலும் புதிதாகக் கை வைத்த இடமே காரணம். அதனால் என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள்.

1. ஆயில் மாற்றியிருந்தால்: அடியில் உள்ள டிரெயின் போல்ட், அதன் வாஷர், ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம்.
2. கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தால்: கழற்றிய பக்கத்து மூடியின் பேக்கிங், கிக்கர் கம்பியைச் சுற்றியுள்ள ஆயில் சீல்.
3. டேப்பட் சரி செய்திருந்தால்: மேலே உள்ள சிறு மூடிகளின் ரப்பர் வளையம்.
4. செயின் செட் மாற்றியிருந்தால்: முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல்.

ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் காற்றுக் குழாய் வழியாக வெளியே வரலாம். அதனால் டிப் ஸ்டிக்கில் அளவும் பார்க்க வேண்டும். வண்டியைச் சமமான தரையில் நேராக நிறுத்திப் பார்க்கணும். சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும்.

பவுடர் சோதனை

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பார்கள். ஆயில் விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். மேலே கசிந்த ஆயில் இன்ஜின் ஓரமாக வழிந்து, அடியில் எது நீட்டிக்கொண்டு இருக்கிறதோ அதன் நுனியில் போய்ச் சொட்டும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். ஈரம் தொடங்கும் உயரமான இடத்தைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பைக்கில் கிளட்ச் பிளேட் மாற்றிய மறுநாள் ஆயில் சொட்டியது. சொட்டு டிரெயின் போல்டில் தொங்கியது. "போல்ட் லூசா இருக்கு" என்று அப்பா ஸ்பேனரை எடுத்தார். அம்மாதான், "இருங்க, முதல்ல தொடச்சிட்டுப் பாப்போம்" என்றார். இன்ஜின் ஆறியதும் பழைய துணியால் சுத்தமாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினோம். பிறகு அப்பா வாசலில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டவிட்டார். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு! அது கிக்கர் கம்பியின் அடியில் தொடங்கி, மூடி ஓரமாக இறங்கி, போல்ட் வரை வந்திருந்தது. போல்டுக்கு மேலே மற்ற இடம் எல்லாம் காய்ந்தே இருந்தது.

அப்படியே கொண்டுபோய்க் காட்டினோம். மெக்கானிக் அண்ணன் சண்டை போடவில்லை. மூடியை மாட்டும்போது கிக்கர் கம்பியின் பல் பட்டு ரப்பர் சீல் கிழிந்திருக்கும் என்றார். புது சீல் போட்டார், கூலி வாங்கவில்லை. ஒழுகல் நின்றது. போல்டை முறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். அலுமினியம் மென்மையானது. அளவுக்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும். சின்னச் செலவு பெரிய செலவாகும்.

ஓட்டவிட்டு ஏன் பார்க்க வேண்டும்?

சூடானால் ஆயில் இளகி, சிறிய இடைவெளியிலும் நுழையும். ஓடும்போது உள்ளே ஆயில் எல்லாப் பக்கமும் தெறிக்கும். அதனால் சில ஒழுகல் ஓடும்போது மட்டும் தெரியும். நிறுத்தி வைத்தாலும் இரவெல்லாம் சொட்டினால், ஆயில் மட்டத்துக்குக் கீழே உள்ள இடங்களைச் சந்தேகப்படலாம்.

கவனம்!

* சைலன்சரும் இன்ஜினும் சுடும். பெரியவர்கள் இல்லாமல் செய்யக்கூடாது.
* மூடிய அறைக்குள் இன்ஜினை ஓட்டக்கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷ வாயு உண்டு.
* சேலை, துப்பட்டா, பின்னல் எதுவும் செயின் பக்கம் போகக்கூடாது.
* ஆயில் துடைத்த துணியைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் போடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டு வாசலில் கறை தெரிந்தால் ஸ்பேனரைத் தேடாதீர்கள். யாரையும் திட்டவும் வேண்டாம். முதலில் துணியைத் தேடுங்கள். துடைத்துப் பார்த்தால் உண்மை தானாகத் தெரியும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி