கோழி எங்கே அடைகிறது?

எத்தியோப்பியக் கிராமங்களில் பொழுது சாய்ந்ததும் கோழிகளை வீட்டுக்குள் அடைக்கும் குடும்பங்கள் ஏராளம். வெளியே விட்டால் காட்டு விலங்கு தூக்கிப்போகும், கள்வர் கைவைப்பார்கள். விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிடுவார்கள். அவை கிடந்த அதே மண்தரையில் குழந்தை தவழத் தொடங்கும்.

டெரெக் ஹெடி, கல்லே ஹிர்வோனன் ஆகிய இருவரும் 2016-ல் இந்த வீடுகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் ஒருபடி மேலே இருந்தார்கள். ஆனால், இரவில் கோழியை வீட்டுக்குள் அடைத்த இடங்களில் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி காணாமல்போயிருந்தது. மற்றக் கால்நடைகளை உள்ளே கட்டிய வீடுகளில் இந்தக் குறை தென்படவில்லை.

முட்டையின் பங்கு எளிதில் விளங்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் மஞ்சள் கருவில் நிறைந்திருக்கிறது. ஈக்வடாரின் கோட்டோபாக்சி மாகாணத்தில் 2015-ல் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றுவது 47 சதவீதம் குறைந்தது. மலாவியில் இதே சோதனையைச் செய்தபோது உயரம் கூடவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டு வந்தார்கள்.

எச்சத்தின் கதை வேறு. ஜிம்பாப்வே கிராமங்களில் ஆய்வாளர்கள் முற்றத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, குழந்தைகள் வாயில் எதையெல்லாம் வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். சில குழந்தைகள் மண்ணைக் கைநிறைய அள்ளித் தின்றன. கோழி எச்சத்தையே எடுத்து வாயில் போட்டுக்கொண்ட குழந்தைகளும் உண்டு. கோழியின் குடலில் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா வாழ்கிறது. கோழிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, குழந்தைக்குத்தான் ஆபத்து. இத்தகைய கிருமிகள் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால், சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல் நீண்டிருக்கும் உறிஞ்சிகள் குட்டையாகித் தட்டையாகிவிடும். சத்தை இழுக்கும் பரப்பு சுருங்கும். குடல்சுவரும் கசியத் தொடங்கும். உடம்பு வளர்ச்சிக்கு வைத்திருந்த சத்தை எதிர்ப்புக்குச் செலவழிக்கும். பல சமயம் வயிற்றுப்போக்குகூட இருக்காது. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று தாய் நினைப்பாள். உயரம் மட்டும் ஏறாது.

அப்படியானால் சுத்தம் செய்தால் போதுமா? வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் கழிப்பறை, சோப்பு, குளோரின் என்று கொடுத்துப் பெரிய சோதனைகள் நடந்தன. ஜிம்பாப்வேயில் குழந்தை விளையாடத் தனித் தடுப்பும் தந்தார்கள். உயரம் கூடவில்லை. சத்துணவு கொடுத்த பிள்ளைகள்தான் சற்று வளர்ந்தார்கள். இதைக் காட்டிச் சுத்தம் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. கோழியும் குழந்தையும் ஒரே மண்ணில் புழங்கும் வீட்டில் பாதிச் சுத்தம் பலன் தராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏழை வீட்டுக்குக் கோழியைவிட மலிவாக முட்டை தருவது எதுவுமில்லை. அதை வளர்க்க வேண்டாம் என்று சொல்வது கொடுமை. கோழிக்குஞ்சு வழங்கும் திட்டங்கள் கூண்டுக்கும் பணம் ஒதுக்கட்டும். நீங்களும் கோழி வளர்ப்பவரானால், வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், கூண்டை வாசலுக்கு வெளியே வையுங்கள். முட்டையைச் சந்தைக்கு அனுப்புமுன் ஒன்றைப் பிள்ளைக்கு எடுத்துவையுங்கள்.