தையல் காஞ்சிருச்சு... உள்ளே ஆறிடுச்சா? கர்ப்பப்பை நீக்கத்துக்குப் பிறகு வீட்டில் அந்த ஆறு வாரம்

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாவது நாள் காலை. பீளமேட்டில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் கிரைண்டர் நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அம்மா மாவோடு சேர்த்து டிரம்மைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். "ஏம்மா இப்படி?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, வலியே இல்ல. தையலும் காஞ்சிருச்சு பாரு" என்று பதில் வந்தது.

பார்த்தேன். வயிற்றில் நான்கு சின்னத் துளைகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். யார் பார்த்தாலும் 'அவ்வளவுதானே, சரியாயிடுச்சு' என்றுதான் நினைப்பார்கள். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு மாலை டாக்டரிடம் போனில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே தெரியும் தையலை வைத்து இந்த ஆபரேஷனை எடை போடவே கூடாது.

வெளியே தெரியாத தையல்

கர்ப்பப்பையின் வாய்ப் பகுதி, பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையோடு ஒட்டியிருக்கும். முழுக் கர்ப்பப்பையையும் எடுத்த பிறகு அந்த மேல்முனை திறந்தபடி இருக்கும். அதை ஒரு பையின் வாயைத் தைப்பது மாதிரி உள்ளுக்குள் தைத்து மூடுவார்கள். வயிற்றைத் திறந்து செய்தாலும், கீழ்வழியாகச் செய்தாலும், லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் இந்த உள்தையல் உண்டு. தையல் நூல் தானாகக் கரைந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் சதை பலமாகச் சேர்வதற்குப் பல வாரங்கள் ஆகும்.

நாம் கனமான பொருளைத் தூக்கும்போதும், முக்கும்போதும், பலமாக இருமும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அது கீழே இறங்கி நேராக இந்தத் தையல் மேல்தான் விழுகிறது. அரிதாக, இந்த இடம் பிரிந்துவிடுவது உண்டு. குடல் வெளியே தள்ளிக்கொண்டு வரும் அளவுக்கும் போகலாம். இப்படிப் பிரிவது, வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனைவிட லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகுதான் சற்று அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. 'துளை சின்னது, ஓய்வும் கொஞ்சம் போதும்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) சொல்வதன்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை நீக்கியிருக்கிறார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இந்த அளவு இன்னும் மிக அதிகம். பெரும்பாலானவை தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிடுகிறார்கள். மிச்ச ஆறு வாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வீடு. அதாவது, பல வீடுகளில் லேப்டாப்பும் கையுமாக இருக்கும் நீங்கள்தான்.

முதல் வாரம்: படுத்தே கிடக்க வேண்டாம்

ஓய்வு என்றால் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். உண்மையில், நடக்காமல் கிடப்பதுதான் ஆபத்து. இடுப்புப் பகுதி ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் நடந்தால் போதும். நாள் போகப் போகக் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே 'டூட்டி' போட்டோம்.

படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காரக் கூடாது. முதலில் ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தும்மல், இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். மாடிப்படி ஏறலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக.

லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். 'வயித்துல ஆபரேஷன் பண்ணுனா தோள் ஏன் வலிக்குது?' என்று அம்மா பயந்துவிட்டார். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் உள்ளே தங்கி, உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நடந்தாலே குறைந்துவிடும்.

குளிக்கலாம். டாக்டர் சொன்ன பிறகு தண்ணீர் ஊற்றிக் குளித்து, காயத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள், விளக்கெண்ணெய், வேப்பிலை அரைத்தது எதையும் தையல் மேல் வைக்க வேண்டாம். எங்க அம்மிச்சி மஞ்சளோடு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அந்த மஞ்சளைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டோம்.

யாரும் பேசாத விஷயம்: மலச்சிக்கல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நடமாட்டக் குறைவு மூன்றும் சேர்ந்து மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியாகிவிட்டது. ஆனால் இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல அம்மாக்கள் கூச்சப்படுவார்கள். மகனிடம் சொல்லவே மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். மூன்று நாள் போகவில்லை என்றால் மலமிளக்கி மருந்துக்கு டாக்டரைக் கேளுங்கள். பலர் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தந்திருப்பார்கள், நாம்தான் வாங்காமல் விட்டிருப்போம்.

இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள வீடு என்றால், நடுவில் ஓட்டை உள்ள டாய்லெட் நாற்காலி ஒன்றை வாங்கி மேலே போட்டுவிடலாம். சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. முழுசாகக் குந்தி எழுவது முதல் வாரங்களில் சிரமம்.

சாப்பாட்டில் பத்தியம் தேவையே இல்லை. 'தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும்', 'முட்டை ஆகாது', 'கீரை ஆகாது' எல்லாம் சும்மா. காயம் ஆறப் புரதம் வேண்டும்: பருப்பு, முட்டை, தயிர், சாப்பிடுகிறவர்கள் என்றால் மீனும் கோழியும். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டு, பக்கத்தில் ஒரு கீரைப் பொரியல் வைத்தால் அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. வாயு பிடிக்கிறது என்றால் கொள்ளையும் மொச்சையையும் முதல் பத்து நாள் தள்ளிப்போடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும். சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது, தொற்றும் எளிதில் வரும்.

ஐந்து கிலோ என்பது எவ்வளவு?

ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்வது. கேட்கும்போது எளிதாக இருக்கும். சமையலறைக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பத்து லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் பத்து கிலோவைத் தாண்டும். சமையல் எரிவாயு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவை நெருங்கும். இரண்டு வயதுப் பேரன் பத்து கிலோவுக்கு மேல் இருப்பான். ஈரத் துணி நிறைந்த வாளி, மாவு நிறைந்த கிரைண்டர் டிரம், அரிசி மூட்டை என்று போகிறது பட்டியல். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், ஆனால் அந்த ஆறு வாரம் மாவு கடையில் வாங்கினோம்.

'தூக்காதீங்க' என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனால் அது நடக்காது. தண்ணீர் வரும் நாளில் நிரப்பி வைக்க ஆள் வேண்டும். தினமும் எடுக்கும் பாத்திரங்களைக் கீழ் அலமாரியிலிருந்து மேடைக்கு மாற்ற வேண்டும். அப்பாவுக்குக் குக்கர் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்க அப்பா ஐம்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டார், முதல் நாள் விசில் போட மறந்ததோடு சரி.

ஸ்கூட்டர் ஓட்டுவதும் இதில் வரும். சென்டர் ஸ்டாண்ட் போடுவதே ஒரு பளு தூக்குதல். திடீர் பிரேக் அடித்தால் வலிக்காது என்ற நிலை வரும்வரை எந்த வண்டியும் வேண்டாம். பலருக்கு அது நாலு முதல் ஆறு வாரம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

லேசான ரத்தக் கசிவு, பழுப்பு நிற வெள்ளைப்படுதல் சில வாரம் இருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் தையல் கரையும்போது கொஞ்சம் கூடுவதும் நூல் துணுக்கு வருவதும் உண்டு. பேடு மட்டும் பயன்படுத்தலாம், உள்ளே வைக்கும் எதுவும் கூடாது.

ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், கட்டி கட்டியாக ரத்தம் போனால், அது சாதாரணம் அல்ல. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், வெள்ளைப்படுதலில் துர்நாற்றம் இருந்தாலும், காயம் சிவந்து சீழ் வடிந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். வயிறு உப்பி, வாந்தி நிற்காமல் இருந்தாலும் அப்படியே. சிறுநீர் போக முடியவில்லை என்பதைவிட, பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் மாதிரி நிற்காமல் கசிகிறது என்பதைக் கவனியுங்கள். 'அடக்க முடியல' என்று அம்மா வெட்கப்பட்டு மறைப்பது, சிறுநீர்ப்பையில் ஏற்பட்ட ஓட்டையாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் தெரியவரும், சரிசெய்யக் கூடியது.

ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தால் தைலம் தேய்த்து நீவி விடாதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், கீழே ஏதோ பிதுங்கி வருவது போல் இருந்தால், தாமதிக்காமல் 108. பிதுங்கியதை உள்ளே தள்ள முயல வேண்டாம். சுத்தமான ஈரத் துணியால் மூடி, படுத்த நிலையிலேயே கொண்டு போக வேண்டும்.

கணவன், மனைவி, சினைப்பை

தாம்பத்திய உறவுக்குக் குறைந்தது ஆறு வாரம், அதற்கு மேல் டாக்டர் உள்ளே பார்த்துச் சொன்ன பிறகுதான். லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு சில டாக்டர்கள் 12 வாரம்வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். இதை நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. அப்பாக்களையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மகளோ மகனோ வீட்டில் சொல்ல முடியாத விஷயம் இது.

இன்னொன்று, சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் ஹார்மோன் சுரப்பது சினைப்பையில் என்பதால் அது பொதுவாகத் தொடரும். மெனோபாஸ் வராத பெண்ணுக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், வருடக்கணக்கில் மெதுவாக வர வேண்டியது சில நாளிலேயே வந்துவிடும். உடம்பு கொதிப்பது, ராத்திரி வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எரிச்சல். 'அம்மா ஏன் இப்படி ஆயிட்டாங்க' என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தாளைப் படியுங்கள். எலும்பு தேய்மானத்துக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஆறு வாரம் யாருக்குக் கிடைக்கிறது?

வாளையாரைத் தாண்டினால், கேரள அரசுப் பெண் ஊழியர்களுக்குக் கர்ப்பப்பை நீக்க ஆபரேஷனுக்கென்றே 45 நாள் விடுப்பு விதியில் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவு உள்ள மில், கம்பெனித் தொழிலாளர்களுக்கு, தகுதி இருந்தால், டாக்டர் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். வேலைக்குப் போகும் அம்மா, அக்கா இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள், பலர் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு மூன்றாவது வாரமே திரும்பிவிடுகிறார்கள்.

தினக்கூலிக்கு எதுவுமே இல்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்திருந்தது 2019-ல் வெளியே வந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார் என்பதால், மாதவிடாயே தொல்லை என்ற நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள். ஒரு நாளுக்கே அபராதம் என்கிற இடத்தில் ஆறு வார ஓய்வை யார் கொடுத்திருப்பார்கள்? தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

ரிப்போர்ட் வாங்கிட்டீங்களா?

எடுத்த கர்ப்பப்பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் நாம் டிஸ்சார்ஜ் ஆகி வந்துவிடுவதால் அந்தத் தாள் லேப்பிலேயே கிடக்கும். எங்களுக்கும் யாரும் போன் செய்து சொல்லவில்லை. ஐந்தாவது வாரம், வேறு ஏதோ பில் கேட்கப் போனபோது கையில் கொடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, வெறும் ஃபைப்ராய்டு கட்டி. அதில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்கும்.

ஆறாவது வார செக்கப்புக்குப் போகும்போது அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். விட்டிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இனியும் தொடர வேண்டும். அம்மாவுக்கு டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "கிரைண்டர் டிரம்மைத் தூக்கலாங்களா?" உள்ளே பார்த்துவிட்டு வந்த டாக்டர், "இன்னும் ரெண்டு வாரம் பையனே தூக்கட்டுங்க" என்றார்.